பாண்டிசெல்வியின் அறுப்புக் காலண்டர்

சதீஷின் டீக்கடையில் பாய்லர் சூடேறும் முன்பே குருவம்மாள் வந்து நின்றுவிடுவாள். டீ குடிக்க அல்ல.

"ஏலே சதீஷு, அந்தப் போனை எடு. எம் பேரு அங்கனயே இருக்கா பாரு."

"நேத்துதான பெரியம்மா பாத்துச் சொன்னேன். வியாழக்கெழமை. கண்மாய்க்கரை வயலு. குருவம்மாள்."

"நேத்து இருந்தது இன்னைக்கும் இருக்கும்னு எவன் சொன்னான்? பாருலே."

சதீஷ் ஈரக் கையை இடுப்புத் துண்டில் துடைத்துவிட்டுப் போனை எடுத்துத் திருப்பிக் காட்டுவான். குருவம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தன் பெயர் இருக்கும் பச்சைக் கட்டத்தை அவள் அடையாளம் கண்டுவைத்திருந்தாள். விரலை நீட்டி அதைத் தொடப் போனவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"தொட்டா மாறிருமோ?"

"நீ தொட்டாலும் மாறாது, நான் தொட்டாலும் மாறாது. நம்ம பாக்கலாம், அம்புட்டுதான். மாத்த பாண்டிசெல்வி அக்கா ஒருத்தியாலதான் முடியும்."

"அவ மாத்த மாட்டா" என்று சொல்லிவிட்டுத்தான் குருவம்மாள் டீக்குக் கை நீட்டுவாள்.

மம்சாபுரத்துக் கண்மாய்ப் பாசனத்தில் தை மாதம் பிறந்துவிட்டால் இதுதான் நிலவரம். யாருடைய வயலில் என்றைக்கு அறுப்பு மிஷின் இறங்கும் என்பது பாண்டிசெல்வியின் போனில் உள்ள காலண்டரில் இருக்கும். அந்தக் காலண்டர் அவளுடைய போனில் மட்டும் இல்லை. அவள் அனுப்பிய லிங்க்கைத் தொட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டீக்கடையில் பார்ப்பார்கள், ரேஷன் கடை வரிசையில் பார்ப்பார்கள். வளைகாப்புக்குப் போன இடத்தில்கூட வளையலை மறந்துவிட்டுப் பார்ப்பார்கள்.

கண்மாய்த் தண்ணீர் பாயும் இடமெல்லாம் பாண்டிசெல்வியைத் தெரியும். மிஷினை ஓட்டுவது அவள் கணவன் ஐயாதுரை. ஐயாதுரையை ஓட்டுவது பாண்டிசெல்வி என்று ஊரில் ஒரு கேலி உண்டு. ஐயாதுரைக்கும் அந்தக் கேலியில் வருத்தமில்லை. "வண்டி நல்லா ஓடுதுல்ல, பொறவென்ன?" என்பான்.

ஆனால் அந்த வண்டி ஓட ஆரம்பித்த இடம் வேறு.

பாண்டிசெல்விக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா போய்விட்டார். அண்ணன் வேலுசாமிதான் எல்லாம். மீசை அரும்பும் வயதில் அவன் ஏர் பிடித்தான். தங்கைக்குச் சோறு குறையாமல் பார்த்துக்கொண்டான். அவள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மில் பஸ் தவறிப்போன காலை நேரங்களில், அந்த நெடுஞ்சாலை முழுவதும் அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போய் மில் வாசலில் இறக்கிவிட்டவன் அவன். முதுகுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். "ஏட்டி, உள்ள போ, சங்கு ஊதிரும்" என்பான். அவள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், காவலாளி கேட்டை மூடும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பான். அப்படிப்பட்ட அண்ணன்.

மில்லில் அவளுக்கு அறுந்த நூலை ஒட்டும் வேலை. நடந்துகொண்டே இருக்க வேண்டும். கண் ஒரு நூலையும் தவறவிடக் கூடாது. அந்தக் கண்ணும் அந்தக் காலும்தான் பிற்பாடு அவளுக்குக் கைகொடுத்தன. ஐயாதுரையைக் கட்டி, மகள் கார்த்திகாவைப் பெற்று, பிறகும் பல வருடம் அவள் ஷிப்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஐயாதுரை தஞ்சாவூர்ப் பக்கம் யார் யாருடைய அறுப்பு மிஷினையோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் டயருக்குப் பதில் செயினில் ஓடும் பழைய அறுப்பு மிஷின் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தினான். அன்றைக்குத்தான் பாண்டிசெல்வி மில் வேலையை விட்டாள்.

மிஷின் வந்தது, கூடவே சண்டையும் வந்தது.

நெல் முற்றினால் எல்லா வயலும் ஒரே சமயத்தில்தான் முற்றும். எல்லாருக்கும் முதலில் மிஷின் வேண்டும். பாண்டிசெல்வி போனை அடுப்படியிலேயே வைத்திருப்பாள். குழம்பு கொதிக்கும்போது ஒருவர், தாளிக்கும்போது ஒருவர். அவள் இங்கே ஒருவருக்கு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அங்கே வரப்பில் யாரோ ஐயாதுரைக்குக் கோழிக் குழம்பு ஊற்றித் தங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். அவன் இளகிய மனசுக்காரன். யார் முகத்தைப் பார்த்தும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது.

ஒரு வருடம் அப்படித்தான் நடந்தது. மறுநாள் குருவம்மாள் வயல் என்று சொல்லியிருந்தார்கள். வேலுசாமி வந்து, "மாப்ள, நம்ம வயலை முடிச்சுட்டுப் போயிருங்க" என்றான். மச்சான் சொல்லை ஐயாதுரையால் தட்ட முடியவில்லை. மிஷின் வன்னியம்பட்டிப் பக்கம் இருந்த வேலுசாமியின் வயலுக்குப் போய்விட்டது. அன்றைக்கு மாலையே மழை பிடித்துக்கொண்டது. குருவம்மாளின் நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைவிட்டது.

அவள் வந்து திட்டவில்லை, அழவும் இல்லை. முளைத்த கதிர்க் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து பாண்டிசெல்வியின் வாசற்படியில் வைத்தாள்.

"உன் வாக்கு எப்படி முளைச்சிருக்கு பாரு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பாண்டிசெல்வி சோறு வடிக்கவில்லை. பச்சை முளை தலை நீட்டிய அந்தக் கதிரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் யாருக்கும் சொல் தவறியதில்லை. மில்லில் அவள் ஒட்டிய நூலைச் சூப்பர்வைசர் பரிசோதிக்கக்கூட வர மாட்டார். அந்தப் பெயரையெல்லாம் அந்தக் கதிர் ஒரே நாளில் தின்றுவிட்டது.

மறுநாளே அவள் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். மில் டைம் ஆபீசில் ஹெப்சிபா இருந்தாள். யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்டு என்பதைப் போன் காலண்டரில் போட்டு, எல்லாப் பெண்களும் பார்க்கும்படி திறந்துவைத்த புண்ணியவதி அவள்தான். அதற்குப் பிறகுதான் மில்லில் 'உனக்கு மட்டும் ஏன் பகல் ஷிப்டு' என்ற பேச்சு ஒழிந்தது.

"எனக்கும் அதுமாதிரி ஒண்ணு போட்டுக் குடு, ஹெப்சிபாக்கா."

"போட்டுத் தர மாட்டேன். சொல்லித் தாரேன். நீயே போடு" என்றாள் ஹெப்சிபா. சாப்பாட்டு நேரம் முழுவதும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் ஒரு எச்சரிக்கையும் சொன்னாள்: "இந்தா, இந்த எடத்துலதான் கவனமா இருக்கணும். 'பாக்கலாம்'னு மட்டும் குடு. 'மாத்தலாம்'னு குடுத்துராத. குடுத்தேன்னு வையி, ஊருல அம்புட்டுப் பேரும் தன் வயலைத் தூக்கி முதல்ல வச்சிக்கிருவாவ."

"முதல் ஆளா எங்க அண்ணன்தான் வைப்பாரு" என்று பாண்டிசெல்வி சொல்ல, இருவரும் டிபன் பாக்ஸ் அதிரச் சிரித்தார்கள்.

அந்த லிங்க் ஊருக்குள் போன முதல் வாரம் யாரும் நம்பவில்லை. பெயரைப் பார்ப்பார்கள்; உடனே போன் செய்து, "போன்ல இருக்கது இருக்கட்டும், நெசமா எப்போ வரும்?" என்று கேட்பார்கள். சொன்ன நாளில், சொன்ன வயலில் மிஷின் இறங்கியது. மறுநாளும் இறங்கியது. ஐயாதுரைக்குக் கோழிக் குழம்பு ஊற்ற வந்தவர்களிடம் அவன், "எனக்கென்ன தெரியும்? காலண்டர்ல பாருங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டான்.

போன் அழைப்பு குறைந்தது. அடுப்படியில் பாண்டிசெல்வி நிம்மதியாகத் தாளித்தாள். தெருவில் போனால், வயதில் மூத்தவர்கள்கூட "என்ன தாயி, மிஷினம்மா" என்று நின்று பேசினார்கள். குருவம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீக்கடையில் வந்து பெயரைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பாண்டிசெல்விக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தக் காலண்டரில் எப்போதும் வெள்ளையாகக் கிடப்பது ஒன்றே ஒன்றுதான்: கரிநாள். நல்ல காரியம் எதையும் கரிநாளில் தொடங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அறுப்பு என்பது மகாலட்சுமியை வீட்டுக்கு அழைக்கும் காரியம். அதைக் கரிநாளில் யார் செய்வார்கள்? அன்றைக்கு ஐயாதுரை மிஷினுக்குக் கிரீஸ் அடிப்பான், பிளேடு தீட்டுவான். ஊரே அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தது, யாரும் கேட்கவில்லை.

இந்தத் தையிலும் அப்படித்தான். புதன்கிழமை கரிநாள், வெள்ளை. வியாழன் குருவம்மாள். வெள்ளிக்கிழமை 'நம்ம வயல்' என்று போட்டிருந்தது; அது பாண்டிசெல்வியும் ஐயாதுரையும் சொந்தமும் குத்தகையுமாகப் பயிர் வைத்திருந்த நிலம். ஒரு நாள் முழுக்க அறுப்பு பிடிக்கும். சனிக்கிழமை சாம்சன். ஞாயிற்றுக்கிழமை வேலுசாமி. அதற்குப் பின்னால் இருந்தவர்களின் பயிர் இன்னும் பச்சை மாறவில்லை.

திங்கட்கிழமை டிவியில் சொன்னார்கள்: கடலில் காற்றழுத்தம், சனிக்கிழமை மாலையிலிருந்து கனமழை.

அதே திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலை ஒட்டிய மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பாண்டிசெல்வி போயிருந்தாள். வேலுசாமியும் வந்திருந்தான். பந்தி போட்டுக்கொண்டிருந்த நேரம், அத்தனை உறவும் சுற்றியிருக்க, அண்ணன் அவளைக் கூப்பிட்டான்.

"ஏட்டி செல்வி, செய்தி பாத்தியா? வியாழக்கெழமை மிஷினை நம்ம வயலுக்கு அனுப்பிரு."

"வியாழக்கெழமை குருவம்மா பெரியம்மா மொறைண்ணே."

"தெரியும். அவளை ஞாயித்துக்கெழமைக்குத் தள்ளு."

"தள்ள முடியாதுண்ணே. ஊரே பாக்குது."

"ஊருக்கு என்னட்டி தெரியும்? உன் போனு, உன் மிஷினு. நீ நெனச்சா ஒரு வெரல்ல மாத்திருவ."

"வெரல்ல மாத்திரலாம். பொறவு அந்த வெரலை எவன் மதிப்பான்?" அவள் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். "அண்ணே, புதன்கெழமை சும்மாதான் கெடக்கு. காலையிலயே மிஷினை அனுப்புறேன். ஒரு நெல்மணி கீழ விழாது."

வேலுசாமியின் முகம் கறுத்தது.

"கரிநாளையா? ஊரே வேண்டாம்னு ஒதுக்குன நாளை எனக்குத் தாறியா? எச்சிலையில சோறு போடுத மாதிரி இருக்குட்டி."

"அண்ணே, நான் அப்படி..."

"உன்னைச் சைக்கிள்ல வச்சு மிதிச்ச காலுக்கு நல்ல மரியாதை. கார்த்திகா கல்யாணத்துக்கு மாமன் எங்கன்னு தேடாத. அந்தக் காலண்டர்லயே ஒரு மாமனைப் போட்டுக்கோ."

இலை போட்டிருந்தது, தண்ணீர் தெளித்திருந்தது. அவன் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கிப் போய்விட்டான். பரிமாற வந்தவர் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றார். பாண்டிசெல்வி அண்ணனுடைய வெற்று இலையையும் தன் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள். கார்த்திகாவுக்கு வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல், தாய்மாமன் எடுத்துக்கொடுக்கும் மாலை இல்லாமல் மணமேடை ஏறும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, அந்தச் சைக்கிளை யாரும் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினாள். அதற்கு முன்பே ஐயாதுரைக்குச் செய்தி வந்துவிட்டிருந்தது. மிஷின் பக்கத்தில் கவிழ்த்திப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன், ராத்திரில லைட்டு போட்டு மச்சான் வயலை அறுத்துருவோமா?"

"போன வருசம் இருட்டுல வாய்க்கால்ல மிஷினைக் கவுத்துட்டு, நீங்க அடியில கெடந்தது போதும். ராத்திரிங்கிற பேச்சே வேண்டாம்."

அவன் மெதுவாகச் சொன்னான்: "அப்போ ஒண்ணு செய்வோமா? அந்தக் காலண்டரை ரெண்டு நாளைக்கு மூடி வையி. யாரும் பாக்க முடியாதபடி. கேட்டா நெட்டு கெடைக்கலன்னு சொல்லுவோம். மச்சான் வயலை அறுத்துட்டுப் பொறவு தெறந்து விடு. யாருக்குத் தெரியும்?"

பாண்டிசெல்வி போனை எடுத்தாள். காலண்டரைத் திறந்தாள். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஹெப்சிபா கவனமாக இருக்கச் சொன்ன அதே இடம். எல்லாரும் பார்க்கலாம் என்று அவள் தொட்டுவிட்ட சின்னப் புள்ளி. இன்னொரு முறை தொட்டால் அணைந்துவிடும். அண்ணன் திரும்பி வருவான். கார்த்திகாவுக்கு மாலை வரும்.

விரல் அந்தப் புள்ளியின்மேல் நின்றது. வாசற்படியில் முளைத்த கதிர் கிடப்பதுபோல் இருந்தது. அண்ணனின் வியர்வை ஒட்டிய முதுகும் கண்முன் வந்தது. ஆண்டவனே, ஒரு விரலுக்கு எதற்கு இவ்வளவு கனம்?

கண்ணீரில் கட்டங்கள் கலங்கின. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். புதன், வெள்ளை. வியாழன், குருவம்மாள். வெள்ளி, நம்ம வயல்.

நம்ம வயல்.

அதை அவள் காலையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருந்தாள். கண் அதன்மேல் நிற்காமலேயே தாண்டிப் போயிருந்தது. அடுத்தவர் முறையைக் காப்பதிலேயே குறியாக இருந்தவளுக்குத் தனக்கும் ஒரு முறை இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, நல்ல நாள், மழைக்கு முந்திய நாள். அதை யாருக்குக் கொடுக்கவும் அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அவள் 'நம்ம வயல்' என்ற கட்டத்தை விரலால் அழுத்திப் பிடித்து, மெல்ல நகர்த்திப் புதன்கிழமையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையில் இருந்த வேலுசாமியை எடுத்து வெள்ளிக்கிழமையில் வைத்தாள். புள்ளியைத் தொடவில்லை.

எட்டிப் பார்த்த ஐயாதுரை பதறிப் போனான். "ஏட்டி, நம்ம வயலைக் கரிநாள்லயா அறுக்கணும்? குடும்பத்துக்கு ஆகுமா?"

பயம் அவளுக்கும் இருந்தது. இல்லை என்றால் அது பொய். கல்யாணம் வைத்திருக்கிற வீடு. ஆனாலும் சொன்னாள்:

"அத்தனை வருசம் மில்லுல வேலை பாத்தேன். கரிநாளுன்னு ஒரு நாளாச்சும் சங்கு ஊதாம இருந்திருக்கா? அந்த நாள்ல சம்பாதிச்ச சோத்தையும் சேத்துத்தான கார்த்திகாவுக்கு ஊட்டுனோம். அவ நல்லாத்தான இருக்கா?"

ஐயாதுரை வாளியிலிருந்து எழுந்தான். "அப்போ கிரீஸ் இன்னைக்கே அடிச்சிருதேன்" என்று மட்டும் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை. பாய்லர் இன்னும் சூடேறவில்லை.

"ஏலே சதீஷு, எம் பேரு?"

"அங்கனயே இருக்கு பெரியம்மா." சதீஷ் போனைக் கண்ணருகே கொண்டுபோனான். "ஆனா இதுல என்னமோ நகந்திருக்கு."

"யாரு நகந்தா?"

"அக்காதான். தன் வயலைக் கரிநாள்ல போட்டுருக்காவ. அவிய வெள்ளிக்கெழமைய வேலுசாமி மாமாவுக்குக் குடுத்துருக்காவ."

பெஞ்சில் இருந்தவர்கள் அவரவர் போனை எடுத்தார்கள். மடவார் வளாகத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். வேலுசாமி மிரட்டியது தெரியும். அவனுக்காக இவள் யாரை நகர்த்துவாள் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் அன்றைக்குச் சீக்கிரமாகவே கடைக்கு வந்திருந்தார்கள்.

"தன்னையே நகத்திக்கிட்டாளா?" என்றாள் குருவம்மாள். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

புதன்கிழமை பனி விலகி வெயில் ஏறியதும் ஐயாதுரை மிஷினை வயலடிக்குக் கொண்டுவந்தான். மிஷின் உள்ளே இறங்கித் திரும்ப வேண்டுமானால், வயலின் மூலைகளை முதலில் கையால் அறுத்து இடம் செய்ய வேண்டும். கரிநாளில் மூலை அறுக்க ஆள் கிடைக்கவில்லை. பாண்டிசெல்வி தானே அரிவாளோடு வந்தாள். வரப்பில் நின்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். வாய் எதையும் கேட்கவில்லை. குனிந்து முதல் பிடி நெல்லைப் பற்றினாள்.

எதிர் மூலையில் சரக் சரக்கென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். குருவம்மாள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, இன்னைக்குக் கரிநாளு."

"எனக்கும் தெரியும். கையை ஆட்டு தாயி. வாயை ஆட்டாத."

எத்தனை வருடத்துக் கடன் அந்த ஒரு மூலையில் கழிந்துகொண்டிருந்தது என்று பாண்டிசெல்விக்கு மட்டும்தான் தெரியும். கண்ணைத் துடைக்காமல் அறுத்தாள்.

அப்போது வன்னியம்பட்டிச் சாலையிலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லரோடு திரும்பி, வண்டிப் பாதையில் ஆடி ஆடி வந்தது. ஓட்டி வந்தவனைத் தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முதுகின் வளைவு அவளுக்குத் தெரியாதா?

வேலுசாமி இறங்கினான். வரப்பில் வந்து நின்றான். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

குருவம்மாள் அரிவாளோடு நிமிர்ந்தாள். "ஏலே வேலுசாமி, கரிநாள்ல கெளம்பி வந்துருக்கியே. ராகுகாலமாச்சும் பாத்தியா?"

"உன் வேலையைப் பாரு பெரியம்மா."

"என் வேலையத்தான் பாக்கேன். என் வேலை நாளைக்கு. முன்ன ஒரு தடவை அதை நீ பாத்துக்கிட்ட."

வேலுசாமியின் காது மடல் சிவந்தது. தங்கை பக்கம் திரும்பினான்.

"வெள்ளிக்கெழமையில எம் பேரை எதுக்குட்டி போட்ட? ஊரே பாக்க?"

"ஊரு பாக்கத்தான் போட்டேன்."

"நேத்துல இருந்து எம்புட்டுப் பேரு போன் பண்ணுதான் தெரியுமா? 'உன் தங்கச்சி கரிநாளை எடுத்துக்கிட்டு உனக்கு வெள்ளிக்கெழமையைக் குடுத்துருக்கா, பாத்தியா'ன்னு ஒவ்வொருத்தனும் படம் புடிச்சு அனுப்புதான். என்னால சோறு திங்க முடியல."

"நீ மண்டபத்துலயும்தான் திங்கல."

வேலுசாமி, வரப்பில் ஐயாதுரை வைத்திருந்த அரிவாளை எடுத்தான். வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறங்கினான். தங்கையின் பக்கத்தில் குனிந்து, கை நிறைய நெல்லைப் பற்றினான்.

"எது வந்தாலும் என் தலையோட போகட்டும். நீ தள்ளு" என்றான்.

அவள் தள்ளவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே மூலையை அறுத்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்ற ஐயாதுரை, மிஷினை ஸ்டார்ட் செய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணில் விழுந்தது தூசி என்று அவனே சொல்லிக்கொண்டான். அன்றைக்கு அடித்த நெல் முழுவதையும் வேலுசாமியின் டிரெய்லர்தான் வீடு சேர்த்தது. முதல் மரக்கால் நெல்லை அவனே அளந்து, "கல்யாண வீட்டுக்கு மொதப் பொங்கல் இதுல வையி" என்று கார்த்திகாவின் மடியில் கொட்டினான்.

வியாழன் குருவம்மாள் வயல். வெள்ளி வேலுசாமி வயல். சனிக்கிழமை சாம்சனின் வயலை முடித்து மிஷின் ரோடு ஏறும்போது, மேற்கு மலை மறையும்படி இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் முழுவதும் பேய் மழை. முற்றிய கதிர் ஒன்றுகூட வயலில் இல்லை. வைகாசியில் கார்த்திகா மணமேடை ஏறினாள். தாய்மாமன் கொண்டுவந்த மாலையின் கனத்தில் அவள் கழுத்து சாய்ந்தது என்று சொல்லி ஊர் சிரித்தது.

அடுத்த அறுப்புக்குப் பாண்டிசெல்வி காலண்டரைத் திறந்துவிட்ட அன்றே வேலுசாமியிடமிருந்து போன் வந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏட்டி செல்வி, இந்தத் தடவை அந்தக் கரிநாள்ல எம் பேரைப் போட்டுரு."

"அதுக்கு முந்தியே மூணு பேரு கேட்டுட்டாவண்ணே. முதல்ல குருவம்மா பெரியம்மா."

"கரிநாளுக்குமா மொறை?"

"ஆமா. நீ பாக்கலியா? எல்லாத்துக்கும் தெரியுறமாதிரிதான போட்டுருக்கேன்."

மறுமுனையில் வேலுசாமி சிரிக்கும் சத்தம் கேட்டது. "சரி, எங்கயாச்சும் போடு. ஊரு பாக்கட்டும்" என்றான்.

பாண்டிசெல்வி கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் பெயரை அவன் முறை வரும் இடத்தில் எழுதினாள்.